வந்து சேராத மனுக்கள்



இன்று புள்ளியியலில் பட்டம் பெறும் உங்களில் சிலர் காப்பீட்டுத் துறைக்கு வருவீர்கள். அங்கே இருபத்தைந்து ஆண்டுகளாக நான் போட்டுவரும் ஒரு கணக்கைப் பற்றி மட்டும் பேசுகிறேன். விபத்து நடந்துவிட்டது, இழப்பீடு கேட்டு மனு இன்னும் வரவில்லை. அதற்கு இன்றைக்கே எவ்வளவு ஒதுக்கி வைப்பது? தொழிலில் இதை ஐ.பி.என்.ஆர். என்போம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கோப்பு என் மேஜைக்கு வந்தது. லாரி மோதி இறந்துபோன சுமைதூக்கும் தொழிலாளி ஒருவருடையது. விபத்து நடந்து நான்கு வருடம் கழித்துத்தான் அவர் மனைவி மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருந்தார். எஃப்.ஐ.ஆர். நகல் மடிப்பில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டியிருந்தது. வாரிசுச் சான்றிதழில் மட்டும் மூன்று அலுவலக முத்திரைகள். மனு போடுவதற்கான காலக்கெடுவை மோட்டார் வாகனச் சட்டத்தின் 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியிருந்ததால்தான் அந்த அம்மாவுக்கு வழி இருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் ஆறு மாதக் கெடுவைத் திரும்பக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. சட்டத்தில் ஒரு வரி மாறினால் தாமதத்தின் நிகழ்தகவுப் பரவலே மாறிவிடும். பழைய ஆண்டுகளின் தரவை அப்படியே நம்ப முடியாது.

கணக்கு முறை எளிது. விபத்து நடந்த ஆண்டுகளை மேலிருந்து கீழாகவும், அதன்பின் கழிந்த ஆண்டுகளைக் குறுக்காகவும் எழுதி, அதுவரை வந்த மனுக்களைக் கட்டங்களில் நிரப்பினால் ஒரு முக்கோணம் வரும். முந்தைய ஆண்டுகளில், முதல் வருடத்தில் வந்த 400 மனுக்கள் கடைசியில் 640 ஆயின என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கும் எண் 1.6. இந்த ஆண்டு 500 வந்திருந்தால் 800 வரை போகும். 300 இன்னும் வழியில் இருக்கின்றன. இதுதான் செயின் லேடர். அந்த 300 எவ்வளவு பிசகலாம் என்பதை, எந்தக் குறிப்பிட்ட பரவலையும் முன்கூட்டி எடுத்துக்கொள்ளாமலே கணிக்கும் வழியை 1993-இல் காப்பீட்டுக் கணிதவியலாளர் தாமஸ் மாக் தந்தார். பிசகின் அளவைச் சொல்லாத மதிப்பீட்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

ஆனாலும் தவறியிருக்கிறேன். ஒரு வருடம் மக்கள் நீதிமன்றத்தில் பழைய வழக்குகள் கொத்தாகச் சமரசமாயின. பணம் மளமளவென்று வெளியே போனது. நான் பார்த்தது பட்டுவாடா முக்கோணம், அதாவது மனுக்களுக்குப் பதில் கொடுத்த பணத்தை நிரப்பியது. வேகம் கூடியதைத் தொகை கூடியதாக எடுத்துக்கொண்டு மதிப்பீட்டை ஏற்றிவிட்டேன். கோப்புகளைக் கையாண்ட கிளெய்ம் பிரிவு எழுத்தரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். 2020 பொதுமுடக்கம் இதற்கு நேர் எதிர். தீர்ப்பாயங்கள் முடங்கியதால் பட்டுவாடா சரிந்தது. சாலையில் வண்டிகளும் குறைந்ததால் விபத்தும் உண்மையிலேயே குறைந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஒதுக்கீட்டைக் குறைப்பது, பின்னால் வரப்போகும் குடும்பங்களுக்கான பணத்தை இன்றைய லாபமாக எழுதிக்கொள்வதாகும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு நாள் தீர்ப்பாயத்தில் போய் உட்காருங்கள். பெயர் கூப்பிடுவதைக் கேளுங்கள். வக்கீல் வாய்தா கேட்பதைக் கேளுங்கள். அடுத்த தேதியைத் துண்டுச் சீட்டில் குறித்து வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பவர்களைப் பாருங்கள். மறுநாள் அலுவலகத்துக்கு வந்து, முக்கோணத்தின் காலிக் கட்டங்களை நிரப்புங்கள்.