அணு அறிவியலில் பிஎச்.டி.: சேரும் முன் வீட்டில் பேச வேண்டியவை

(நமது சங்கக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பிள்ளை அணு ஆராய்ச்சிக்குப் போகணும்கிறான், அனுப்பலாமா?" என்று நம் குடியிருப்பில் சிலர் கேட்டார்கள். கல்பாக்கம் நமக்குத் தெரிந்த ஊர் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஆய்வு செய்பவர்களுக்கு ஹோமி பாபா தேசிய நிறுவனம் பட்டம் வழங்குகிறது. இது 2005-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. இயற்பியல் படித்தவர்களுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். அங்கே 1985-ல் இயங்கத் தொடங்கிய சோதனை ஈனுலையைக் குளிர்விப்பது தண்ணீர் அல்ல, உருகிய சோடியம். அது உலோகம், அதற்குள் கண்ணால் எதையும் பார்க்க முடியாது. மீயொலியால்தான் பார்க்க வேண்டும். இப்படி ஒரு கேள்விக்கே இயந்திரவியல், வேதியியல், உலோகவியல், கணினி எல்லாம் தேவைப்படுகின்றன.

அடுத்து, கதிர்வீச்சு பயம். நம் நாட்டில் கதிர்வீச்சுப் பணியாளருக்கு வரம்பு, ஐந்தாண்டு சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. இயற்கையாகவே உலக மக்கள் பெறும் சராசரி சுமார் 2.4. பணியாளர் அணியும் பட்டை பெற்ற அளவைப் பதிவு செய்யும். பல ஆய்வுத் தலைப்புகளில் கதிரியக்கப் பொருளைத் தொடும் வேலையே இருக்காது.

உண்மையில் யோசிக்க வேண்டியது வேறு. உள்ளே போக இரண்டு வழிகள். ஒன்று, அணுசக்தித் துறையின் ஓராண்டுப் பயிற்சி. தேறினால் விஞ்ஞானி வேலை. வேலையில் இருந்தபடியே பிஎச்.டி. செய்யலாம். இதற்கு வயது வரம்பு உண்டு, தள்ளிப் போடாதீர்கள். மற்றொன்று, கேட், நெட், ஜெஸ்ட் போன்ற தேர்வு எழுதி நேரடியாக ஆய்வு மாணவராவது. மத்திய அரசின் இளநிலை உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஆனால் முடித்ததும் அங்கேயே வேலை என்ற உறுதி கிடையாது. ஐந்து வருடம் போன பிறகு இது தெரிந்தால் வீடே கலங்கும்.

எனவே சேரும் முன் நெறியாளரிடம் மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள்: உங்களிடம் முடித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள்? இப்போது எங்கே இருக்கிறார்கள்? ஆய்வுக்கான கருவி தயாராக இருக்கிறதா, இனிமேல்தான் வாங்க வேண்டுமா?

மகளாக இருந்தால், "கல்யாணத்துக்குள்ள முடிச்சிடு" என்று நெருக்காதீர்கள். ஆராய்ச்சி நாம் குறிக்கும் தேதிக்கு முடிவதில்லை.

பதில்களைக் கேட்ட பிறகும் பிள்ளை போக விரும்பினால், தயங்காமல் அனுப்புங்கள்.