கிருமிக்குச் சாதி தெரியாது, சோத்துப் பானைக்குத் தெரியும்

(மாணவர் முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'நோய்கள்: காரணம், கண்டறிதல், சிகிச்சை' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். எல்லா நோயையும் பேச நான் டாக்டர் இல்லை. கவிதை எழுதுகிற ஆள், வங்கிக் கவுண்டரில் உட்கார்கிற ஆள். அதனால் ஒரே ஒரு நோயை எடுத்துக்கொள்கிறேன். காசநோய். நம்ம சேரிகளில் எலும்புருக்கி என்பார்கள், டி.பி. என்பார்கள். பெரும்பாலும் பேரே சொல்ல மாட்டார்கள். 'அந்தச் சீக்கு' என்று குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

ஏன் குரல் தாழ்கிறது? போன ஜென்மத்து வினை, பரம்பரைச் சீக்கு, ஒழுக்கம் கெட்டவனுக்கு வருவது என்று காலங்காலமாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் என்ற மருத்துவர், இந்த நோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று அறிவித்தார். வினை இல்லை, கிருமி. நம்மைப் பொறுத்தவரை இது மருத்துவச் செய்தி மட்டுமல்ல. கர்மக் கோட்பாட்டின் மேல் விழுந்த அடி.

இந்தக் கிருமி காற்றில் போகிறது. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது, தும்மும்போது, பேசும்போது வெளியே வந்து, காற்றோட்டம் இல்லாத அறையில் மணிக்கணக்கில் மிதக்கிறது. தட்டில் பரவாது. டம்ளரில் பரவாது. கை கொடுத்தால் பரவாது.

ஆனால் நம்ம வீடுகளில் நடப்பது என்ன? டீக்கடை இரட்டைக் குவளையை எதிர்த்து அடிபட்டவர்கள் நாம். அதே தெருவில் காசநோய் வந்த மருமகளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், திண்ணையோரம் தனிப் பாய். அப்புறம், 'புள்ளைய விட்டுட்டு ஒங்க அம்மா வூட்டுக்குப் போ.' ஊர்க்காரன் நமக்குச் செய்த தீட்டை நாம் நம்ம பொம்பளைகளுக்குச் செய்கிறோம். தேவைப்படுவது தனி டம்ளர் அல்ல. ஜன்னலைத் திறக்கணும், இருமும்போது வாயைத் துணியால் மூடணும், மருந்தைத் தொடங்கணும். சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே பரவுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

சரி, கிருமிதான் காரணம் என்றால் கணக்கு முடிந்துவிட்டதா? இல்லை. உலகில் நாலில் ஒருவர் உடம்புக்குள் இந்தக் கிருமி புகுந்திருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறுகிறது. மற்றவர்கள் உடம்பு அதை அடக்கி வைத்திருக்கிறது. அப்படியானால் யாருடைய உடம்பு தோற்கிறது? அரை வயிறு சாப்பிடுகிறவன் உடம்பு. கல்குவாரியிலும் கிரஷரிலும் சிலிக்காத் தூசியைச் சுவாசிக்கிறவன் உடம்பு. சர்க்கரை நோய், எச்.ஐ.வி., பீடி, சாராயம் இதெல்லாமும் உடம்பைத் தோற்கடிக்கும். கல் உடைப்பது யார், ஒற்றை அறையில் ஏழு பேர் படுப்பது யார் என்று கண்டுபிடிக்க மைக்ராஸ்கோப் வேண்டாம். கிருமி சாதி பார்ப்பதில்லை. எந்த உடம்பு தோற்க வேண்டும் என்பதைச் சாதி முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது.

கண்டறிதல். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவு, சளியில் ரத்தம். இவற்றில் எது இருந்தாலும் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை. காசு கிடையாது. எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் ஆகாது, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளி வேண்டும். எக்ஸ்ரே எடுப்பார்கள். சிபிநாட் என்ற கருவி, கிருமி இருக்கிறதா என்பதோடு முக்கியமான மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடும். ஆனால் நம்ம ஆட்கள் அங்கே போய்ச் சேருவதற்குள் நாலு கிளினிக், ஆறு டானிக், கைக்கூலி அத்தனையும் காலி.

சிகிச்சை 6 மாதம். முதல் 2 மாதம் நாலு மருந்து, அடுத்த 4 மாதம் மூணு மருந்து. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம், அது மாத்திரையின் நிறம். ஒன்றிரண்டு மாதத்தில் இருமல் நிற்கும், பசி எடுக்கும். 'அதான் சரியாப் போச்சே' என்று நிறுத்துகிற இடம் அதுதான். மிச்சமிருக்கிற கிருமி மருந்துக்கு அடங்காததாகத் திரும்பி வரலாம்.

இங்கே ஒரு வரலாறு சொல்லணும். முன்பெல்லாம் காசநோய் என்றால் சானடோரியம்: நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். நகரத்து ஏழை நோயாளிகளில் பாதிப் பேருக்குச் சானடோரியத்தில் சிகிச்சை. பாதிப் பேர் நெருக்கடியான சொந்த வீட்டில், கிடைத்ததைத் தின்றுகொண்டு மாத்திரை சாப்பிட்டார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது: இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். அதன் பிறகு வீட்டுச் சிகிச்சையே உலக வழக்கமானது. உலகத்துக்கு வழிகாட்டியது சென்னைக் குடிசைவாசியின் உடம்பு.

பெரிய வெற்றிதான். ஆனால் அதிலிருந்து அதிகாரம் தனக்கு வசதியான பாடத்தை எடுத்துக்கொண்டது: மாத்திரை போதும், சோறு வேண்டாம். மருந்து வீடு தேடி வந்தது, சோறு வரவில்லை. இருக்கிற நோயை மாத்திரை குணமாக்கும். அடுத்த பாயில் படுத்திருக்கும் தம்பிக்கு வராமல் அது தடுக்குமா?

2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பிரிவில் குடும்பத்தாருக்கும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. 2023இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். நம்ம ஆயாக்களுக்குத் தெரிந்த விஷயம்தான். இப்போது எண்ணிக்கையோடு நிரூபணமாகிவிட்டது.

அரசாங்கம் நோயாளியின் சாப்பாட்டுக்கு 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரில் 1000 ஆக்கியது. வங்கிக் கணக்கில்தான் போடுவார்கள். இதை நான் கவுண்டருக்கு உள்ளேயிருந்து பார்க்கிறேன். ஆதார் இணைக்காத கணக்கு, வரவு செலவு இல்லாமல் செயலிழந்த கணக்கு, புருஷன் கையில் இருக்கும் பாஸ்புக். 'பணம் ஏறிடுச்சா சார்' என்று இருமிக்கொண்டே கேட்கிறவரைத் திருப்பி அனுப்ப ஒரு எழுத்துப் பிழை போதும். அந்தக் காசும் நோயாளிக்குத்தான், பாயில் படுத்திருக்கும் தம்பிக்கு இல்லை.

2022இல் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கியது. உடம்பு மிக மெலிந்தவர், மூச்சு வாங்குகிறவர், பிடிமானமில்லாமல் நிற்க முடியாதவர் ஆகியோரை ஆரம்பத்திலேயே பிரித்தறிந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கிற திட்டம். எடை பார்க்கிற தராசு ஓர் உயிரைக் காப்பாற்றும். உங்கள் தெருவில் யாருக்காவது இந்த நோய் வந்தால், எடை பார்த்தார்களா என்று கேளுங்கள்.

தோழர்களே, மேடை போட்டுப் பேசுவதோடு இந்த வேலைகளையும் செய்யணும். இரண்டு வாரம் இருமுகிறவரைக் கையோடு கூட்டிப்போய்ச் சளி கொடுக்க வைக்கணும். ஆறு மாதமும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று போய்ப் பார்க்கணும், அவர் டம்ளரிலேயே டீ குடிச்சுட்டு வரணும். வங்கிக்குக் கூடப் போகணும். குடும்பம் முழுமைக்கும் அரிசி பருப்பு, குவாரித் தொழிலாளிக்குத் தூசித் தடுப்பு, ஜன்னல் வைத்த வீடு, இவற்றைச் சிகிச்சையின் பகுதியாகவே கேட்கணும். சலுகையாக அல்ல, மருந்துச் சீட்டில் எழுத வேண்டிய மருந்தாக.

ஜெய்பீம்.