தொட்டுப் பார்த்தவங்கதான் தட்டி வாங்குவாங்க

(தலைப்பு: கைவினைப் பொருளுக்குப் புதிதாக ஓர் இணையக் கடை. வாடிக்கையாளரைக் கூட்டி வருவது திரையில் வரும் விளம்பரமா, தெருவில் கிடைக்கும் நம்பிக்கையா? ‘நம்பிக்கையே’ என்ற அணியில், மயிலாப்பூர்ப் பெண்மணி ஒருவர் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய தம்பி என்ன சொன்னார்? “ஒரு படம் போடுங்க, பத்தாயிரம் பேர் பார்ப்பாங்க”ன்னார். நான் மறுக்கலை ஐயா. தி.நகர் ரங்கநாதன் தெருவுல நின்னு பாருங்க, ஆயிரக்கணக்கில் ஜனம் போகுது. போறவங்க எல்லாம் வாங்குறவங்களா? பாதிப் பேர் மாம்பலம் ஸ்டேஷன்ல ரயிலைப் பிடிக்க ஓடுறவங்க! (சிரிப்பு) பார்க்கிறவர் வேறு, வாங்குகிறவர் வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் வேணும். அந்தப் பாலத்துக்குப் பேர்தான் நம்பிக்கை.

நானும் எங்க தெருப் பெண்கள் மூணு பேரும் சேர்ந்து காகிதக்கூழ் பொம்மை செய்யறோம். எங்க கடைக்குத் தெருவில் கதவு கிடையாது, இணையத்தில்தான் கதவு. அதனால் நான் திரைக்கு எதிரி இல்லை. ஆனால் அந்தக் கதவைத் தட்ட ஆள் எங்கிருந்து வருது? அதுதானே கேள்வி!

நவராத்திரிக்கு முன்னால் எங்க வடக்கு மாட வீதிக்கு வந்து பாருங்க. காஞ்சிபுரம், பண்ருட்டின்னு பல ஊர்ப் பொம்மைகள் வரிசையா நிக்கும். அங்கே ஒரு மாமி பொம்மை வாங்குறதைக் கவனிச்சிருக்கீங்களா? முதல்ல தூக்கிக் கனம் பார்ப்பாங்க. விரலால் தட்டி, விரிசல் இருக்கான்னு சத்தம் கேட்பாங்க. கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பாங்க. கடைசியா பொம்மையோட கண்ணைப் பார்ப்பாங்க. கண்ணு எழுதினது சரியில்லைன்னா முருகனே ஆனாலும் திரும்பக் கடைக்குத்தான்! (சிரிப்பு, கைதட்டல்) இதில் எதை ஐயா ஒரு புகைப்படத்தில் காட்டுவீங்க? மெஷின்ல செஞ்ச பொருள் ஆயிரமும் ஒண்ணு போல இருக்கும், படம் பார்த்து வாங்கலாம். கையால் செஞ்சது ஒண்ணு போல ஒண்ணு இருக்காது. அதுதான் அதன் பெருமை, விற்கும்போது அதுவேதான் தொல்லையும்.

சரி, வாங்கிட்டுப் போன பொம்மை என்ன செய்யுது? கொலுப்படியில் ஏறி உட்காருது. ஒன்பது நாளும் சுண்டலுக்கு வர்றவங்க எல்லாம் கேட்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: “இது எங்கே வாங்கினீங்க?” தம்பி, இதைவிட ஒரு விளம்பரம் உண்டா? காசு கொடுத்து வாங்கின விளம்பரத்தை ஜனங்க தள்ளிவிட்டுப் போறாங்க. இங்கே அவங்களே வாய்விட்டுக் கேட்கிறாங்க! (கைதட்டல்) அதனால்தான் எங்க பொம்மையோட அடியில் செஞ்சவ பேரும், கடை முகவரியும், கைபேசியில் காட்டினால் கடை திறக்கிற அந்தக் கட்டம்போட்ட குறியும் ஒட்டறோம். பொம்மையே தூது போகுது.

இது புதுசா நான் கண்டுபிடிச்சது இல்லை. 1936-ல் அடையாறில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார் ருக்மிணி தேவி. அடுத்த ஆண்டே அங்கே தறி போட்டாங்க. பழைய அகலக் கரை, எடுப்பான நிறம்னு சேலை நெய்தாங்க. அதை யார் கட்டிக்கிட்டாங்க? அவரும் அவரிடம் ஆடப் பழகிய பெண்களும். மேடையில் பார்த்த ஜனம், அந்தச் சேலை வேணும்னு தேடி வந்தது. இன்னைக்கும் அதுக்குக் கலாக்ஷேத்ரா சேலைன்னே பேர்.

இப்போ எதிரணியின் பெரிய ஆயுதத்துக்கு வர்றேன். “தள்ளுபடி போடுங்க, கூட்டம் வரும்!” ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம் ஐயா. பொம்மை விலை 600 ரூபாய். காகிதம், பசை, வண்ணம் 150 போனால் மீதி 450. ஆறு மணி நேர வேலை, மணிக்கு 75 ரூபாய். இருபது சதவீதத் தள்ளுபடியில் 120 போச்சு. மீதி 480-க்குத்தான் விற்பனை, அதில் பத்து சதவீதக் கமிஷன் 48. “டெலிவரி இலவசம்”னு போட்டால் கூரியர் 80 நம்ம தலையில். மிச்சம் 202 ரூபாய். மணிக்கு 34 ரூபாய்கூடத் தேறலை! குறைஞ்சது பொம்மை விலையா? இல்லை ஐயா, அதைச் செஞ்ச கையோட விலை! (பலத்த கைதட்டல்) தள்ளுபடிக்கு வந்தவர், பக்கத்துக் கடையில் இன்னும் பத்து ரூபாய் குறைஞ்சா அங்கே போயிடுவார். வந்தது வாடிக்கையாளர் இல்லை, வழிப்போக்கர்.

“பெரிய தளத்தில் சேருங்க, கூட்டம் அங்கேயே இருக்கு”ன்னார் இன்னொரு நண்பர். 2005-ல் அமெரிக்காவில் கைவினைப் பொருளுக்கென்றே எட்ஸின்னு ஒரு தளம் தொடங்கினாங்க. 2013-ல் வெளித் தயாரிப்பாளர்களிடம் கொடுத்துச் செய்யவும் இடம் கொடுத்தாங்க. 2022 ஏப்ரலில் கமிஷனை 5 சதவீதத்திலிருந்து 6.5 ஆக்கினாங்க. ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடையை மூடி எதிர்ப்புக் காட்டினாங்க. சேர வேண்டாம்னு சொல்லலை. வாடகை வீட்டில் குடியிருக்கலாம், ஆனால் சொந்த வீடுன்னு நினைச்சுடக் கூடாது. நம்மகிட்ட வாங்கினவங்க பேரும் முகவரியும் நம்ம நோட்டுப் புத்தகத்தில் இருக்கணும். அடுத்த நவராத்திரிக்கு நாமே எழுதிக் கேட்கணும்.

நம்ம கோ-ஆப்டெக்ஸ் என்ன செஞ்சுது? பட்டுச் சேலையோடு, அதை நெய்தவரின் படமும் பேரும் போட்ட அட்டை வெச்சுது. சேலைக்கு ஒரு முகம் வந்தது. முகம் தெரிஞ்சவங்ககிட்ட யாராவது அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசுவாங்களா?

ஆகவே நடுவர் அவர்களே, புதுசா கடை திறக்கிற சகோதரிகளுக்கு நான் சொல்றது இதுதான். முதல் ஐம்பது பேரைத் திரையில் தேடாதீங்க. ஜனவரியில் மயிலாப்பூர் விழா நடக்கும்போது போங்க. மார்கழியில் கச்சேரி கேட்க வர்றவங்க இருக்கிற இடத்துக்குப் போங்க. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு மேஜை போட அனுமதி கேளுங்க. கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க, வாங்கலைன்னாலும் சிரிச்ச முகத்தோட அட்டையைக் கொடுங்க. அந்த ஐம்பது பேர் சொன்னால்தான் சிங்கப்பூரில் இருக்கிற மகளும், நியூஜெர்சியில் இருக்கிற மருமகளும் உங்க இணையக் கதவைத் தட்டுவாங்க. திரை, இரண்டாவது பொம்மையை விற்கும். முதல் பொம்மையை விற்பது நம்ம கையும் வாயும் வார்த்தையும்தான்.

கூட்டம் வேணுமா, குடும்பங்கள் வேணுமா? கூட்டம் கலைஞ்சுடும் ஐயா. குடும்பங்கள் வருஷா வருஷம் ஒரு படி கூட்டி, ஒரு பொம்மை சேர்க்கும். அந்த ஒரு பொம்மையில்தான் எங்க நாலு வீட்டு அடுப்பு எரியுது. எனவே, நம்பிக்கையே வாடிக்கையாளரைக் கூட்டி வரும் என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)