எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

கங்காதர நெல்லூர் போன்றதோர் ஊரிலிருந்து தமிழும் தெலுங்குமாக ஒரு வலைத்தளம் நடத்த, லினக்ஸ் இயங்கும் எளிய கணினியொன்றே போதும். 2004-இல் வெளிவந்த எஞ்சின்எக்ஸ் என்னும் சேவையக மென்பொருளை மூலநிரலிலிருந்து நாமே தொகுத்துக்கொள்ளலாம். வேண்டாத பகுதிகளை அப்போதே விலக்கிவிடலாம்.

விலக்குவதால் இடம் மட்டுமா மிச்சம்? 2022-இல் அதன் எம்பி4 காணொளிப் பகுதியில் பாதுகாப்புப் பிழைகள் வெளிப்பட்டன. அப்பகுதியைச் சேர்க்காதவர்களை அவை தீண்டவில்லை. முகவரிகளை மாற்றியமைக்கும் ரீரைட் பகுதியை விட்டால் பிசிஆர்இ நூலகமின்றியே தொகுப்பு முடியும்.

இந்த உற்சாகத்தில், பக்கங்களைச் சுருக்கி அனுப்பும் ஜிசிப் பகுதியையும் கழிப்போர் உளர். ஸீலிப் நூலகம் வேண்டாமல் போகுமாம். இங்கேதான் நாம் உடன்படவில்லை. யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. தமிழுக்கும் தெலுங்குக்கும் குறியொன்றுக்கு மூன்று. 'கி' என்றால் ககரமும் உயிர்க்குறியுமாக ஆறு! சுருக்காது அனுப்பினால் சிக்கனம் சேவையகத்துக்கு, செலவு கைப்பேசியில் படிப்பவருக்கு. ஜிசிப்பைத் தொகுத்தால் மட்டும் போதாது. அமைப்புக் கோப்பிலும் இயக்கிவிட வேண்டும்.

செய்தியை மறையாக்கி அனுப்பும் டிஎல்எஸ் பகுதியோ தானாகச் சேர்வதில்லை. அதைத் தொகுக்கும்போதே கேட்டு வாங்குக.