கொதிநீர் தீர்க்காத நஞ்சு, தீர்க்கும் கிருமி

கேமரன் மலையில் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போகும் தாய், குழந்தையைப் பாட்டியிடமும் பால்மாவு டின்னிடமும் ஒப்படைத்துவிட்டுப் போகிறாள். அந்த டின்னை நம்பலாமா?

2008இல் சீனாவில், தண்ணீர் கலந்த பாலில் புரதம் அதிகமாகத் தெரிய மெலமைன் சேர்த்தார்கள். ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். 6 குழந்தைகள் இறந்தன. மலேசியா சீனப் பால் பொருள்களுக்குத் தடை விதித்தது. மெலமைன் கொதிநீரில் அழியாது. அதைத் தடுப்பது சுகாதார அமைச்சின் கடமை. 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டம் அதற்குத்தான்.

ஆனால், புதிய டின்னிலும் கிருமி இருக்கலாம். அதை வீட்டில்தான் கொல்ல வேண்டும். மலைக்குளிரில் ஆறிப்போன பிளாஸ்க் நீர் போதாது. கொதித்த நீரை, 70 டிகிரிக்குக் குறையுமுன் மாவில் ஊற்றிக் கலக்குங்கள். ஆறவைத்து உடனே கொடுங்கள். இதைப் பாட்டிக்கும் சொல்லுங்கள்.