உள்ளங்காலையும் ஒருமுறை பாருங்கள்

(குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோல் புற்றுநோய் என்றதும், "அது வெள்ளைக்காரர்களுக்கு வருவது, நம் நிறத்துக்கு வராது" என்று பலர் சொல்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை. நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் வெயிலின் புற ஊதாக் கதிர்களை ஓரளவு தடுக்கிறது. அதனால் இந்நோய் நம்மிடையே குறைவு. ஆனால் வந்துவிட்டால் தாமதமாகத்தான் தெரியவருகிறது. வராது என்று நம்புகிற நோயை யார் தேடிப் பார்க்கப் போகிறார்கள்?

நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு மெலனோமா என்னும் கொடிய வகை பெரும்பாலும் வெயில் படாத இடங்களில் வருகிறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகியவையே அந்த இடங்கள். ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால்விரல் நகத்தடியில் இது கண்டறியப்பட்டது. 1981-ல், 36 வயதில் அவர் இறந்தார்.

இன்னொரு வகை, பழைய தீக்காயத் தழும்பிலும் ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்ணிலும் வரும். காஷ்மீரில் குளிருக்காக 'காங்கிரி' என்ற கனல் சட்டியை ஆடைக்குள் வைத்துக்கொள்வார்கள். அந்தச் சூடு பல ஆண்டுகள் பட்டுப்பட்டு, தொடையிலும் வயிற்றிலும் புற்று வருவதை மருத்துவர்கள் நீண்ட காலமாகவே பதிவு செய்துள்ளனர். அடுப்படியில் பட்ட தீக்காயத் தழும்பு நம் வீடுகளிலும் உண்டு. அந்தத் தழும்பு பல ஆண்டுகள் கழித்துப் புண்ணானால் அலட்சியம் வேண்டாம்.

என்னென்ன கவனிக்க வேண்டும்?

மச்சம் பெரிதாகிறதா, நிறம் மாறுகிறதா, ஓரம் ஒழுங்கற்றுப் போகிறதா, இரத்தம் கசிகிறதா? நகத்தில் புதிதாகக் கருங்கோடு விழுந்து அகலமாகிறதா? புண் ஒரு மாதமாகியும் ஆறாமல் இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லாமே புற்றுநோயாக இருக்காது. அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

உள்ளங்காலில் கறுப்பாக எது வந்தாலும் கால் ஆணி என்று பிளேடால் சீவுகிறோம். மருவுக்குச் சுண்ணாம்பு வைக்கிறோம். சர்க்கரை உள்ளவருக்குக் காலில் புண் வந்தால், சர்க்கரைப் புண் என்று நாமே பெயர் வைத்துவிடுகிறோம். இவை எல்லாம் நாளைக் கடத்தும் வழிகள்.

"கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற பயமும் தேவையில்லை. சிறு துண்டு சதை எடுத்துச் சோதிப்பதால்தான் நோய் இன்னதென்று உறுதியாகிறது. ஆரம்பத்திலேயே கண்டால், பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் அகற்றுவதே போதும்.

"வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வராது" என்று மறைப்பவர்களும் உண்டு. இது தொற்றுநோய் அல்ல, வெட்கப்படவும் இதில் ஒன்றுமில்லை. பெண்கள் கூச்சப்பட்டால் பெண் மருத்துவரைக் கேட்டுப் பெறலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடங்கும்.

ஒளு செய்யும்போது நாள்தோறும் கால்களைக் கழுவுகிறோம். வாரம் ஒருநாள் அப்படியே உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நகத்தையும் நன்றாகப் பாருங்கள். குனிய முடியாத வாப்பா, உம்மாவின் கால்களைப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள். அதற்குக் காசு செலவில்லை, இரண்டு நிமிடம் போதும்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக. வஸ்ஸலாம்.