விறகுக்குப் போகும் காழ்மரங்கள்

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அகத்தே திண்மை உடையதை மரம் என்றும், புறத்தே திண்மை உடையதைப் புல் என்றும் தொல்காப்பியர் மரபியலிற் பிரித்துக் காட்டினார். அத்திண்மைக்கு அவர் ஆண்ட சொல் காழ். ஆதலின் பனையும் தெங்கும் மூங்கிலும் புல்லாயின. வேம்பும் இலுப்பையும் மரமாயின. காழைத் தச்சர் இன்றும் சேகு என்பர், வயிரம் என்பர். காழ் ஏறாத புறப்பகுதியை வெள்ளை என்பர். பழந்தமிழில் அது வெளிறு. மரத்தை இத்துணை நுட்பமாக அறுத்துப் பார்த்துப் பெயரிட்ட நாட்டில், இன்று ஒரு மரவாடிக்குச் சென்று கேளுங்கள். தேக்குக்கு ஒரு பெயர் உண்டு. ஏனையவை பெரும்பாலும் 'நாட்டு மரம்' என்ற ஒரே குவியல். பெயர் போயிற்று, பெயரோடு பயனும் போய்க்கொண்டிருக்கின்றது.

2018 நவம்பரிற் கசா புயல் காவிரிக் கடைமடையைப் புரட்டியபோது எங்கள் ஊரிற் பூவரசும் வேம்பும் வாகையும் வேரோடு சாய்ந்தன. சில நாள்களிற் சரக்குந்துகள் வந்தன; அத்தனையும் விறகு விலைக்குப் போயின. எங்கள் கொல்லைப் பூவரசு என் தந்தையார் நட்டது. அதன் அடிமரத்தை மட்டும் நான் கொடுக்க மறுத்தேன். "இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள், ஐயா?" என்று விறகு வணிகர் நகைத்தார். அன்று எனக்கும் விடை தெரியாது.

விடை சொன்னவர் எங்கள் ஊர் முதிய தச்சர். "முதலிற் குளத்திற் போடுங்கள்" என்றார். சில திங்கள் நீரில் ஊறினால் வெளிற்றிலுள்ள மாவும் இனிப்பும் கரைந்து வெளியேறும். துளைப்பூச்சிக்கு இரை குறையும். பின்னர்ப் பலகையாக அறுத்து, இரு முனைகளிலும் சாணம் பூசினோம். மரத்தின் ஈரம் முனைவழியே விரைந்து வெளியேறும். வெடிப்புக்கு அதுவே கரணியம். நிழலில், பலகைக்குப் பலகை இடையே குச்சி வைத்து அடுக்கினோம். விரற்கடைப் பருமனுக்கு ஓராண்டு என்பது அவர் கணக்கு. இரண்டாண்டு பொறுத்தோம். பச்சையாய் அறுத்துப் பூட்டினால் எம்மரமும் கோணும். குற்றத்தை நாட்டு மரத்தின் தலையில் ஏற்றுவது முறையன்று.

இழைத்துப் பார்த்தபோது பூவரசின் காழ் செம்பழுப்பாய், கருவரி ஓடி, கண்ணாடிபோல் வழவழத்தது. அவாய்த் தீவு மக்கள் இதே மரத்தில் உணவுக் கலங்கள் கடைந்தனர். உணவிற்கு மரத்தின் சுவை ஏறாது என்பதனால். நாமோ இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியதோடு நிறுத்திக்கொண்டோம்!

ஆச்சாவைப் பாருங்கள். இந்திய மரங்களுள் மிகக் கனமானவற்றுள் ஒன்று; உளியின் வாயையே மழுக்குவது. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் நாகசுரத்தின் உலவு இதிற்றான் கடையப்படுகின்றது. அதற்கும் புதுமரம் உதவாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் நெடுங்காலம் உலர்ந்த விட்டங்களையும் தூண்களையும் தேடி வாங்குகின்றனர். 2022-இல் அந்நாகசுரத்திற்குப் புவிசார் குறியீடு கிட்டியது. மகிழ்ச்சியே. ஆனால், இடிபடும் வீடுகளின் உத்தரம் அடுப்புக்குப் போனால் குழலுக்கு மரம் ஏது? உங்கள் ஊரில் வீடு இடிபடும்போது, உத்தரம் எம்மரம் என்று ஒருமுறை கேளுங்கள்.

வெட்பாலையை நாம் தோல்நோய்க்கு எண்ணெய் காய்ச்சும் இலையாக மட்டுமே அறிவோம். அதன் மரம் யானை மருப்புப் போல் வெண்மையானது, இழை நெருங்கியது, கடைசலுக்கென்றே பிறந்தது. கன்னட நாட்டுச் சன்னப்பட்டணத்தின் பெயர்பெற்ற பொம்மைகளுக்கு வழிவழியாகப் பயன்பட்டது இதுவே. சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் கோலை அழுத்துவர். உராய்வின் சூட்டில் அரக்கு உருகிப் படியும். தாழை மடலால் தேய்த்தால் பளபளக்கும். அதே மரம் நம் குன்றுகளிலும் வளர்கின்றது. இளைஞர் ஒருவர் சிறு கடைசல் பொறியொன்றை வைத்துத் தொடங்கினால், சிறுவர் கையில் நெகிழிக்கு மாற்றாக மரப் பம்பரம் தரலாம். இது எளிய தொழில் என்று நான் சொல்லமாட்டேன். விலையில் நெகிழியோடு போட்டியிடுவது கடினம்.

வாகையைச் செக்குக்கு விடுவதோடு நில்லாமல், பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரிற் சிலைகளாகவும் செதுக்குகின்றனர். அம்மரச்செதுக்குக் கலை 2020-இற் குறியீடு பெற்றது. இலுப்பையின் உறுதிக்குக் கோயில் தேர்களே சான்று. மஞ்சட்கடம்பு சீப்புக்கும் சிமிழுக்கும் ஏற்றது. தச்சர் கைக் கொட்டாப்புளிக்குப் புளியங்காழ். வேம்பிற் பேழை செய்தால் கறையான் எளிதில் அண்டாது. இவற்றை நீங்களே அறிவீர்கள், விரிக்கவில்லை.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகின்றேன். மரத்தை வெட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. புயலில் விழுந்தது, பட்டுப்போனது, சாலை அகலப்படுத்தச் சாய்த்தது, இவைபோதும். இவற்றை விறகுக்கு அனுப்புமுன் ஊர்த் தச்சரை அழைத்துக் காட்டுங்கள். அவர் சொல்லும் மரப்பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அச்சொற்களுட் சில எவ்வகராதியிலும் இல்லாதிருக்கலாம்.

அந்தப் பூவரசில் எழுதுபலகை ஒன்று செய்துகொண்டேன். இவ்வுரையை அதன்மேல் வைத்தே எழுதினேன். மிஞ்சிய துண்டு ஒன்றை இங்குக் கொணர்ந்துள்ளேன். வெளிறும் காழும் அதில் அருகருகே தெரிகின்றன. கூட்டம் முடிந்தபின் கையிலெடுத்துப் பாருங்கள்.